சீலன்ட் ஊற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

மதுரையில் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள், அதிலும் டியூப்லெஸ் டயர் போட்டிருப்பவர்கள், சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்தக் கடைக்காரர் நல்லவரா கெட்டவரா என்று போய்விடும், நான் சொல்ல வந்தது அவர் ஊற்றிய சரக்கைப் பற்றி.

என்னுடையது கிராவல் சைக்கிள், அதாவது மண் ரோட்டிலும் ஓட்டுகிற வகை, 40 மி.மீ. டயர். உள்ளே இருந்த சீலன்ட் (டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றுகிற, பஞ்சரைத் தானாக அடைக்கும் திரவம்) காய்ந்துவிட்டது, செயினும் கீச்சிட ஆரம்பித்திருந்தது, இரண்டையும் பார்த்துவிடச் சொல்லிக் கொடுத்தேன். பட்டறைப் பக்கம் யாரையும் விடமாட்டார்களாம், "சாயங்காலம் வாங்க சார், ரெடியா இருக்கும்." இருந்தது. பில்லில் சைக்கிள் டியூப்லெஸ் சீலன்ட், இம்போர்ட்டட், இரண்டு வீல் என்றும், வாக்ஸ் செயின் லூப் (செயினுக்குப் போடும் மெழுகு வகை மசகு) என்றும் தெளிவாக அடித்துக் கொடுத்தார்கள். விலையும் இம்போர்ட்டட் விலைதான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே நத்தம் ரோட்டில் முன் டயரில் சீமைக்கருவேல முள் ஏறியது. இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது செய்தியே இல்லை, ரோட்டோரம் வெட்டிப் போட்ட கிளை ஒன்று கிடந்தால் போதும். அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் டயரைப் பதம் பார்க்கிறது என்று திட்டித் தீர்க்கும் முள்ளும் நம்ம ஊர் நெருஞ்சிதான், அதற்காகவே அங்கே நிறையப் பேர் டியூப்லெஸுக்கு மாறியிருக்கிறார்கள். நல்ல சீலன்ட் என்றால் முள்ளைப் பிடுங்கிவிட்டு ஓட்டையைக் கீழே வருகிற மாதிரி திருப்பி வைத்தால், கொஞ்சம் பீய்ச்சி அடித்துவிட்டுத் தானாக அடைபட்டுவிடும். இங்கே என்ன ஆனது என்றால், பச்சையாக, வெண்டைக்காயை நறுக்கினால் வருமே அந்த மாதிரி கொழகொழவென்று ஒன்று ஓட்டை வழியாகக் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது, சக்கரத்தை எத்தனை சுற்று சுற்றியும் அடைபடவில்லை, காற்று மொத்தமும் போய்விட்டது. பம்பை மாட்டினால் காற்றும் ஏறவில்லை. வால்வு கோரை, அதாவது வால்வுக்குள் திருகியிருக்கும் ஊசியை, கழற்றிப் பார்த்தால் அதன் தண்டில் நூல் நூலாக ஏதோ சுற்றிக்கொண்டு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து டயரைப் பிரித்தேன். மோட்டார் பைக் டயருக்கு ஊற்றுகிற ஜெல். பஞ்சர் கடைகளில் பெரிய கேனில் வைத்து, பம்ப் போட்டு ஏற்றுவார்களே, அதேதான். அடியில் என்னுடைய பழைய சீலன்டின் மிச்சமும் அப்படியே இருந்தது, அதன் மேலேயே ஊற்றியிருக்கிறார்கள், இரண்டும் சேர்ந்து ரப்பர்த் துண்டு துண்டாகத் திரிந்து கிடந்தது.

எல்லாம் பஞ்சரை அடைக்கிறதுதானே என்று கேட்பவர்களுக்கு: சைக்கிளுக்கு வருகிற சீலன்டில் பெரும்பாலானவை லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால். அதில் பொடியாகச் சின்னச் சின்னத் துகள்கள் கலந்திருக்கும். ஓட்டை வழியாகக் காற்று வெளியேறும்போது துகள்கள் போய் அடைத்துக்கொள்ள, பால் அங்கேயே உறைந்து ரப்பராகிவிடும். டியூப்லெஸ்-ரெடி சைக்கிள் டயரின் பக்கச் சுவர் மெல்லியது, அதில் கண்ணுக்குத் தெரியாத கசிவுகள் இருக்கும், அவற்றையும் இந்தப் பால்தான் அடைக்கிறது. பைக் ஜெல் கிளைக்கால் (glycol) என்கிற ரசாயனத் திரவ வகை, அதில் நார் போட்டிருப்பார்கள். அது உறையாது. தடியான பைக் டயருக்குள் நிறைய அளவில் கிடந்து, நார் போய் ஓட்டையில் சிக்கி அடைக்கிற வேலை அதற்கு. சைக்கிளின் மெல்லிய டயரில், ஊசி மாதிரி இருக்கிற பிரெஸ்டா வால்வில், அந்த நாரே எமன்.

டயரோடு கடைக்குப் போனேன். "அண்ணே, பில்லில் என்ன போட்டிருக்கீங்க, உள்ளே என்ன ஊத்தியிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் அசரவே இல்லை. "சார், புல்லட்டுக்கே இதைத்தான் ஊத்துறோம், உங்க சைக்கிளுக்குத் தாங்காதா?" புல்லட்டுக்கு ஊற்றுகிறதை இம்போர்ட்டட் சைக்கிள் சீலன்ட் விலைக்கு ஏன் விற்றீர்கள் என்றதற்குப் பதில் இல்லை, பையனைக் கூப்பிட்டு டியூப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அரைமணி நேரம் நின்று பேசிய பிறகு சீலன்டுக்கு வாங்கிய பணம் மட்டும் வந்தது.

செயின் விஷயத்தில் அதுவும் நடக்கவில்லை. வாக்ஸ் லூப் காய்ந்ததும் மங்கலான ஒரு பூச்சாக நிற்கும், தொட்டால் கையில் பெரிதாக ஒட்டாது. என் செயினைத் தொட்டால் விரல் பிசுபிசுவென்று கறுப்பாகிறது, லிங்க் இடுக்கெல்லாம் மணல் அப்பியிருக்கிறது, வலது கெண்டைக்காலில் பல்சக்கரத்தின் அச்சு. அடித்தது பைக் செயின் ஸ்பிரே. அதைக் கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. பைக் செயின் வேகமாகச் சுற்றும்போது தெறித்துப் போகாமல் இருக்கத்தான் அதில் பிசுக்கு சேர்க்கிறார்கள், அங்கே பல பைக்கில் ரப்பர் வளையம் போட்டு லிங்கின் உள்பக்கத்தை மூடியும் இருப்பார்கள். சைக்கிள் செயினில் அந்த மூடி கிடையாது. பிசுக்கில் ஒட்டிய மணல் நேராக ரோலருக்குள் போய் அரைக்கும். செயின் தேய்ந்து நீள ஆரம்பித்தால் பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான காசெட்டையும் சேர்த்துத் தின்றுவிடும், செலவு அங்கேதான். இதையெல்லாம் சொன்னதற்கு வந்த பதில்: "லூப்புன்னா லூப்புதான் சார்."

அதனால் கடைக்குப் போனால் முதலில் பாட்டிலைக் கேளுங்கள். சீல் உடைக்காததை உங்கள் கண் முன்னால் உடைக்கட்டும், பெயர் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நல்ல சைக்கிள் சீலன்டே வெள்ளை, ஆரஞ்சு, பிங்க் என்று பல நிறத்தில் வருகிறது. விரலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: லேடெக்ஸ் கொஞ்ச நேரத்தில் உருண்டு ரப்பராகும், ஜெல் வழவழவென்று அப்படியே இருக்கும். பல லேடெக்ஸ் சரக்கில் அமோனியா நெடியும் அடிக்கும், எல்லாவற்றிலும் அல்ல. ஊற்றுவதற்கு முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குகிறார்களா என்று பாருங்கள், துகள் எல்லாம் அடியில் தங்கிக் கிடக்கும். 40 மி.மீ. டயருக்குச் சுமார் 60 மி.லி., எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) என்றால் 100 மி.லி.க்கு மேல். அது சில மாதத்தில் காய்ந்துவிடும், நம்ம வெயிலில் இன்னும் சீக்கிரம். சக்கரத்தைக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள், தளும்பும் சத்தம் வரவில்லை என்றால் ஊற்றுகிற நேரம் வந்துவிட்டது.

லூப்பை நீங்களே வாங்கி நீங்களே போடுவது உத்தமம். மதுரைப் புழுதிக்கு வாக்ஸ் அல்லது டிரை லூப்; ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கழுவிக்கொண்டு போய்விடும், அப்போது வெட் லூப். எதுவானாலும் சுத்தமான செயினில், ரோலருக்கு ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வாக்ஸை முந்தின நாள் ராத்திரியே போட்டுக் காயவிடுங்கள். சில கடைகளில் சாதாரண டபிள்யூடி-40ஐ அடித்துவிட்டு லூப் என்று பில் போடுவதும் உண்டு. அழுக்கை இளக்க அது நல்லது, செயினில் லூப்பாக அது அதிக நாள் நிற்காது. அதே கம்பெனி சைக்கிள் செயினுக்கென்றே தனியாக லூப் விற்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள்.

ஏற்கெனவே உள்ளே ஜெல் போய்விட்டது என்றால் பயப்பட வேண்டாம், தண்ணீரிலேயே கழுவினால் போய்விடும். திரிந்த லேடெக்ஸ் தண்ணீரில் போகாது, நன்றாகக் காயவிட்டு விரலால் உரித்தெடுங்கள். ரிம்மின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ரிம் டேப்பின் ஓரம் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்து, ஈரம் முழுக்கப் போன பிறகு டயரை ஏற்றுங்கள். வால்வு கோரை மட்டும் சுத்தம் செய்துகொண்டு உட்கார வேண்டாம், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டுங்கள்.