ஜோகன்னஸ்பர்க் கான்ஸ்டிடியூஷன் ஹில்: ஒரே குன்றில் நான்கு சிறைகள்

தென்னாப்பிரிக்காவில் பழைய சிறையொன்றைப் பார்க்க வேண்டும் என்றால் நம்மவர் பெரும்பாலும் ராபன் தீவைத்தான் சொல்வார்கள். ஆனால் சிறைகளில் என்னென்ன வகை இருந்தன, அவற்றுக்குள் வேறுபாடு என்ன என்று அறிய விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம் ஜோகன்னஸ்பர்க்கின் கான்ஸ்டிடியூஷன் ஹில்தான். ஓல்டு ஃபோர்ட், நம்பர் ஃபோர், பெண்கள் சிறை, விசாரணைக் கைதிகளின் கட்டடம் என நான்கு சிறைகள் இங்கே அருகருகே இயங்கின. 1983இல் மூடப்படும் வரை, கைதானவர் எந்த வாசலுக்குள் அனுப்பப்படுவார் என்பதை அவர் செய்த குற்றத்தைவிட அவருடைய நிறமே பெரிதும் தீர்மானித்தது.

ஓல்டு ஃபோர்ட் 1890களில் சிறையாகக் கட்டப்பட்டது. பின்னர், அப்போது இப்பகுதியை ஆண்ட டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் குரூகரின் அரசு அதைச் சுற்றி மண்மேடு எழுப்பிக் கோட்டையாக்கியது. வெள்ளை இன ஆண்களுக்கான சிறை அது. 1962இல் மண்டேலா இதன் மருத்துவப் பகுதியில் அடைக்கப்பட்டது விதிவிலக்கு. இதை விரைவாகப் பார்த்துவிட்டு, நேரத்தை நம்பர் ஃபோருக்கு ஒதுக்குவது நல்லது.

கறுப்பின ஆண்களை அடைத்த நம்பர் ஃபோரில்தான் இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். இனவாரியாக யாருக்கு என்ன உணவு, எவ்வளவு என்பதைக் காட்டும் காட்சிப்பகுதி இங்கே உள்ளது. எங்களுடன் வந்த பெரியவர்கள் அதிக நேரம் நின்றது அதன் முன்தான். கைதிகள் உணவருந்திய முற்றத்துக்கு எதிரிலேயே மறைப்பில்லாத கழிப்பிடங்கள். இன்னும் உள்ளே தள்ளிப் போனால், 'எமாகுலுகுத்து' என்று கைதிகள் அழைத்த தனிமைக் கொட்டடிகள். நாளில் 23 மணி நேரம் ஆளை அதற்குள் பூட்டிவைத்தார்கள். அந்த இருட்டு அறையின் வாசலில் நின்ற பிறகு, தனிமைச் சிறைக்கும் பொதுச் சிறைக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் விளக்கத் தேவையில்லை. கம்பளிகளை மடித்தும் முறுக்கியும் செய்த பீரங்கி வண்டியையும் தவறவிடாதீர்கள்: கைதிகள் தம் அறைகளில் செய்துவந்த கலை அது.

காந்தி சிறைப்பட்ட இடமும் இதுவே; அவரைப் பற்றிய கண்காட்சியும் இங்கு உண்டு. 1908 ஜனவரியில் இந்தச் சிறையிலிருந்து டிரான்ஸ்வால் அரசின் காலனிச் செயலர் ஸ்மட்ஸுக்கு, ஆசியர்களுக்கான கட்டாயப் பதிவுச் சட்டம் குறித்து அனுப்பப்பட்ட சமரசக் கடிதத்தில் காந்தியுடனும் சீனச் சமூகத் தலைவர் லியுங் குவின்னுடனும் கையெழுத்திட்டவர் மொரீஷியஸில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போனால், அவர்கள் இந்த இடத்தை வேற்றவர் கதையாகப் பார்க்க மாட்டார்கள்.

செங்கல்லால் ஆன பெண்கள் சிறை வெளித்தோற்றத்தில் அழகானது. அந்த அழகு உள்ளே நடந்ததை மறைத்துவிடக் கூடாது. கொலைக் குற்றவாளிகள் இருந்த இதே சிறைக்குத்தான் கறுப்பினத்தவர் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்த பெண்களும் கொண்டுவரப்பட்டார்கள். நிறவெறி எதிர்ப்புப் போராளிகளான ஆல்பர்ட்டினா சிசுலு, வின்னி மண்டேலா ஆகியோரும் இங்கு இருந்தவர்கள்.

நான்காவதான விசாரணைக் கைதிகளின் கட்டடம் இன்று இல்லை. படிக்கட்டுக் கூண்டுகள் மட்டும் விடப்பட்டுள்ளன. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களை வைத்திருந்த அந்தக் கட்டடத்தின் செங்கற்களைக் கொண்டே இதே குன்றில் இன்று உள்ள அரசியல் சாசன நீதிமன்றத்தின் சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள். தடுத்துவைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், தண்டனை பெற்றவர் உட்பட, மனித மாண்புக்கேற்ற இடமும் போதிய உணவும் மருத்துவமும் உண்டு என்கிறது 1996ஆம் ஆண்டுச் சாசனத்தின் 35ஆம் பிரிவு. நம்பர் ஃபோரைப் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கும்போது அதன் ஒவ்வொரு சொல்லும் எதற்கு மறுமொழியாக எழுதப்பட்டது என்பது விளங்குகிறது.

குறுகிய சுற்று, நீண்ட சுற்று என வழிகாட்டியுடன் செல்ல இரு வாய்ப்புகள் உண்டு; நீண்டதையே தேர்ந்தெடுங்கள். நேரம் இருந்தால், அருகிலுள்ள பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டத்துக்கும் செல்லலாம். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, விடுதலையான சிறிது காலத்திலேயே இறந்த நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் அங்கே நினைவுக்கற்கள் உள்ளன.