குழாய்ச் சாய்வு மரை: டெயில்ஸ்டாக்கை நகர்த்துவதா, டேப்பர் அட்டாச்மென்ட்டா?

லேத்தில் சாய்வான குழாய் மரை வெட்டப் போகிறவர்கள் பலரும் தயங்கி நிற்கும் இடம் இது: துண்டின் ஒரு முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்துவதா, டூலைச் சாய்வாக ஓட்டும் டேப்பர் அட்டாச்மென்ட்டை மாட்டுவதா? பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ்), என்.பி.டி. (அமெரிக்க) என்ற இரு குழாய் மரைத் தரங்களுக்கும் சாய்வு 16-க்கு 1, அதாவது 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும். அச்சிலிருந்து ஒரு பக்கத்துக்கு 1 டிகிரி 47 நிமிடம்.

செலவு: டெயில்ஸ்டாக்கை நகர்த்தக் காசு வேண்டாம். அட்டாச்மென்ட் விலை கூடியது. உங்கள் லேத்துக்குப் பொருந்தவும் வேண்டும்.

அமைப்பு: டெயில்ஸ்டாக்கை, துண்டின் மொத்த நீளத்தில் 32-இல் ஒரு பங்கு நகர்த்த வேண்டும், 320 மி.மீ. துண்டுக்கு 10 மி.மீ. நீளம் மாறினால் கணக்கும் மாறும். அட்டாச்மென்ட்டின் வழிச்சட்டத்தை ஒருமுறை கோணத்தில் இறுக்கினால் எந்த நீளத்துக்கும் அதே சாய்வுதான்.

துல்லியம்: வித்தியாசம் இங்கேதான் தெரியும். டெயில்ஸ்டாக் விலகியதும், துண்டை இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகளான சென்டர்கள் துளையில் முழுதாக உட்காராது. துண்டைச் சுழற்றும் பிடியான கேரியர் சாய்ந்து இழுப்பதால் மரையும் சற்றே அலைபாயும். பந்துமுனை சென்டர் துளையைக் காக்குமே தவிர, அலைவை நீக்காது. அட்டாச்மென்ட்டிலோ பாகங்களுக்கு இடையே சிறு தளர்வு உண்டு. டூலைக் குழாய் முனைக்கு நன்றாக வெளியே தள்ளி ஓட்டத் தொடங்கினால், மரையைத் தொடுமுன் அது தீர்ந்துவிடும்.

எந்த முறையானாலும் டூல் குழாயின் அச்சுக்குத்தான் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்த பரப்புக்கு அல்ல. தயவுசெய்து இதில் அசட்டையாக இருக்காதீர்கள். மரை பொருந்தாமல் கசியும்.

உள்மரை: அட்டாச்மென்ட்டில் முடியும்; டெயில்ஸ்டாக் முறையில் முடியாது. சக் என்ற தாடைப்பிடியில் பிடித்த குழாய்க்கும் டெயில்ஸ்டாக் முறை உதவாது.

எப்போதாவது ஒரு வெளிமரை, அதுவும் இரு சென்டர்களுக்கு நடுவே என்றால் டெயில்ஸ்டாக் போதும். வாரந்தோறும் குழாய் வேலை வரும் பட்டறை அட்டாச்மென்ட்டையே வாங்கட்டும். ஒவ்வொரு முறையும் டெயில்ஸ்டாக்கை டயல் கேஜ் வைத்து நேராக்கும் வேலை மிச்சமாகும்.