'ரன்' என்னும் வினை: ஓட்டுவதா, நடத்துவதா, இயக்குவதா?

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் புறப்படும் ஓர் அரசுப் பேருந்தைக் கவனித்தால், 'ரன்' என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் போட்டியிடும் சொற்கள் நான்கும் அதில் ஏறியிருப்பது தெரியும். பேருந்து ஓடுகிறது, சக்கரத்தைப் பிடித்திருப்பவர் ஓட்டுநர், சீட்டுக் கொடுத்து, படியில் தொங்குபவரை உள்ளே வரச் சொல்பவர் நடத்துநர், அந்த வழித்தடத்தில் பேருந்தை இயக்குவது போக்குவரத்துக் கழகம். நடத்துநர் என்பது 'கண்டக்டர்' என்பதற்காக ஆக்கப்பட்ட சொல்லே தவிர 'ரன்' வழியாக வந்ததன்று. ஆயினும் இயந்திரத்தைக் கையாளுபவருக்கு 'ஓட்டு' என்பதும், ஆட்களைக் கையாளுபவருக்கு 'நடத்து' என்பதும் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஆங்கிலத்தில் இந்த வினையின் பரப்பு மிகப் பெரிது. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிகுதியான பொருள் கொண்ட சொல்லாக 'செட்' இருந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் 'ரன்' 645 வினைப்பொருள்களுடன் அதை முந்திவிட்டது. கோவையில் பம்பு, கிரைண்டர், தறி உதிரிப் பாகங்கள் ஆகியவற்றின் செயல்முறைக் கையேடுகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு என்பதால், அந்த 645-இல் பத்துப் பன்னிரண்டாவது வாரந்தோறும் என் மேசைக்கு வந்துவிடுகிறது.

முதல் வேறுபாடு இலக்கணத்தில் இருக்கிறது. இயந்திரம் தானே செய்வதற்கும், மனிதர் அதைச் செய்விப்பதற்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்கிறது. தமிழோ ஓடு, ஓட்டு என்றும், இயங்கு, இயக்கு என்றும் தன்வினையையும் பிறவினையையும் வடிவத்திலேயே பிரித்துவிடுகிறது. 'ரன்' என்பதையே கடன் வாங்கினாலும் இந்தப் பிரிவினை நம்மை விடுவதில்லை. பட்டறையில் "மிஷின் ரன் ஆகுது" என்பதும் "மிஷினை ரன் பண்ணு" என்பதும் ஒன்றன்று. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டை 'ஆகு', 'பண்ணு' என்னும் துணைவினைகளைக் கொண்டு நாமே உண்டாக்கிக்கொண்டோம். கணினி நிரலுக்கு 'ரன் பண்ணு' நிலைத்துவிட்டது. அதை மாற்ற முயல்வதில் எனக்கு அக்கறை இல்லை.

அலசத் தகுந்த போட்டி 'ஓட்டு' என்பதற்கும் 'நடத்து' என்பதற்கும் இடையில்தான் இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கம் ஒருவரைப் பற்றி "அவரு தறி ஓட்டறாருங்க" என்று சொன்னால், அவர் கூலிக்கு நிற்கும் தொழிலாளியாகவும் இருக்கலாம், வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறி போட்டுத் தாமே அறுந்த இழையை முடிச்சுப் போடும் உரிமையாளராகவும் இருக்கலாம். இரண்டிலும் அவருடைய கை தறியின்மேல் இருக்கிறது. "மில் நடத்தறாருங்க" என்றால் அவர் கையில் பஞ்சு ஒட்டியிருக்க வேண்டியதில்லை. ஆளும் கணக்கும் கடனும் அவர் பொறுப்பு என்பதே பொருள். கல்யாணத்தை நடத்துகிறோம், கூட்டத்தை நடத்துகிறோம், ஆனால் ஓட்டுவதில்லை. குடும்பத்தை மட்டும் இரண்டும் செய்கிறோம்: வசதி இருந்தால் நடத்துகிறோம், கையைக் கடிக்கும்போது எப்படியோ ஓட்டுகிறோம்.

'ஓட்டு' என்ற சொல் எருதிலிருந்து மோட்டாருக்கு மாறிய சொல்லும்கூட. கொங்கு நாட்டில் ஏர் ஓட்டியவர்களும், மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கவலையை ஓட்டியவர்களும், 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து ஆலைகள் பெருகிய பிறகு, அதே வினையைத் தறிக்கும் வண்டிக்கும் எடுத்துச் சென்றார்கள். இவ்வளவு உழைத்த சொல்லை எழுதுவோர் பலர் கொச்சை என்று கருதி, எங்கும் 'இயக்கு' என்று போட்டுவிடுகிறார்கள். சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும் என்ற அரசு அறிவிப்பில் அது பொருந்துகிறது. ஏனெனில் அங்கே ஓட்டுபவர் யார் என்பது முக்கியமன்று. கிரைண்டர் கையேட்டில் "அரவை இயந்திரத்தை இயக்கவும்" என்று எழுதினால், மாவாட்டும் பெண்மணி எந்தப் பொத்தானைத் தொடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு அது 'கிரைண்டரைப் போடவும்'தான்.

நான்கு சொற்களுக்கும் வெளியே நிற்கும் பொருள்களும் உண்டு. அமெரிக்காவில் தேர்தலில் ஓடுகிறார்கள். நாம் நிற்கிறோம், பிரிட்டனிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். திருப்பூரில் பனியன் துணியின் நிறம் ரன் ஆவதாக வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதினால், அதற்குச் சாயம் போகிறது என்று பொருள். இதை 'நிறம் ஓடுகிறது' என்று எழுதிய ஒரு தரப் பரிசோதனைப் படிவத்தை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு நேர்ந்த சறுக்கல் 'டிரை ரன்' என்ற தொடரில். பொதுவழக்கில் அது ஒத்திகை. புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பதை நம்மவர்கள் வெள்ளோட்டம் என்பார்கள், அதற்கு இணையானது. பம்புத் தொழிலில் அது தண்ணீரின்றி மோட்டார் ஓடுவது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் போர் மோட்டாரில் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தண்ணீரால்தான் குளிர்கிறது, அது இல்லாவிட்டால் சூடேறித் தேய்ந்துவிடும். ஒரு கையேட்டில் "வெள்ளோட்டம் விடக் கூடாது" என்று எழுதிவிட்டேன். அச்சுப்படியைப் படித்த பிட்டர் ஒருவர், "ஏனுங்க, புது மோட்டார எறக்கி வெள்ளோட்டம் பாக்காம எப்படிங்க உட்டுட்டு வர்றது?" என்று கேட்டார்.

திருத்தும்போது 'ஓட்டாதீர்கள்' என்று எழுதிப் பார்த்தேன், சரிப்படவில்லை; சுவிட்சைப் போட்டுவிட்டு விவசாயி வீட்டுக்குப் போய்விடுகிறார், ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கும் மோட்டாரை எவரும் கையால் ஓட்டுவதில்லை. "தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட விடாதீர்கள்" என்று முடித்தேன். அடுத்த பக்கத்தில் 'ரன்னிங் கரண்ட்' என்று இருந்தது. அதற்கு அந்த பிட்டர் சொன்னதையே போட்டுவிட்டேன்: ஓடும்போது இழுக்கும் ஆம்பியர்.