அரசுத் தொடக்கப்பள்ளியா, தனியார் பள்ளியா?

மொரீஷியஸில் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பலர் இதில்தான் தவிக்கிறார்கள்.

செலவு: அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, ஆனால் 5, 6ஆம் வகுப்பில் டியூஷன் செலவு வந்துவிடும். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியில் முதல் நாளிலிருந்தே பணம்.

தமிழ்: அரசுப் பள்ளியில் விருப்பப் பாடமாகப் படித்து, தொடக்கப்பள்ளி முடிவில் வரும் பி.எஸ்.ஏ.சி. தேர்விலும் எழுதலாம். தனியாரில் பெரும்பாலும் கிடைக்காது. வீட்டில் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அ, ஆ அறிமுகமாவதே அந்த வகுப்பில்தான். என் கணக்கில் இதற்கே முதல் இடம்.

கவனிப்பு: ஒரே அரசுப் பள்ளியை ஒரு தாய் புகழ்வார், இன்னொருவர் குறை சொல்வார். வகுப்பாசிரியரைப் பொறுத்தது. தனியாரில் வகுப்பு சிறியதாக இருந்தால் கவனிப்பு கூடும்.

தமிழும் சிக்கனமும் வேண்டுமா? அரசுப் பள்ளி. பிரான்சில் மேற்படிப்பு என்று முடிவெடுத்துவிட்டீர்களா? சரி, பிரெஞ்சுப் பாடத்திட்டத் தனியார் பள்ளி.