முதுகுவலிக்கு ஆஸ்டியோபதியா, கைரோபிராக்டிக்கா? இரண்டுக்கும் போய்வந்த கோத்தகிரிக்காரியின் கருத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுமே முதுகு, மூட்டு வலிக்குக் கையால் அழுத்தி, நீட்டி, திருப்பிச் செய்கிற சிகிச்சைகள். இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் ஆஸ்டியோபதிக்குப் போவேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள் என்றுதான் என் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மலையில் முதுகுவலி இல்லாத வீடே கிடையாது. கொழுந்து பறிக்கிறவர்கள், கவாத்து வெட்டுகிறவர்கள், கேரட் மூட்டை ஏற்றுகிறவர்கள், நாள் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். முன்பெல்லாம் சுளுக்கு எடுப்பவர், தைலம், வெந்நீர் ஒத்தடம், தாங்க முடியாவிட்டால் ஒரு ஊசி, அவ்வளவுதான். இப்போது செல்போனில் ‘படக்’ என்று முதுகெலும்பை முறுக்குகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் கைரோபிராக்டரைப் பார்க்கலாமா, குன்னூருக்கு வந்துபோகும் ஆஸ்டியோபாத்தைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்குச் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கவாத்து வேலைக்குப் பிறகு வலது பக்க இடுப்பில் வந்த வலி மாதக்கணக்கில் போகாததால் இரண்டு இடங்களுக்கும் போனேன். இடங்களின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

இரண்டும் ஒரே மாதிரி என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. இரண்டுமே அமெரிக்காவில் பிறந்தவை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874-ல் ஆஸ்டியோபதியை அறிவித்தார், 1892-ல் மிசௌரி மாநிலத்தில் அதற்கு முதல் கல்லூரி வந்தது. டேனியல் டேவிட் பால்மர் என்பவர் 1895-ல் அயோவாவில் கைரோபிராக்டிக்கைத் தொடங்கினார். இன்றைக்கு அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், முழு டாக்டர். ஐரோப்பாவில் படித்துவிட்டு வருகிறவர்கள் அப்படி இல்லை, அவர்கள் கையால் சிகிச்சை செய்பவர்கள் மட்டும்தான். இங்கிலாந்தில் 1993-லும் 1994-லும் இரண்டு துறைக்கும் தனித்தனியாகச் சட்டம் போட்டு, பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் பலகையில் போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் அப்படி ஒரு தனி கவுன்சில் கிடையாது. பிசியோதெரபிக்கு 2021-ல் வந்த மத்திய சட்டம் இருக்கிறது. அதனால் போர்டில் ‘டாக்டர்’ என்று இருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, “உங்கள் அடிப்படைப் படிப்பு என்ன, எங்கே, எத்தனை வருஷம்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் பார்த்த ஆஸ்டியோபாத் முதலில் பிசியோதெரபி பட்டம் வாங்கி, பிறகு வெளிநாட்டில் இதைப் படித்தவர். கேட்டதும் சான்றிதழையே எடுத்துக் காட்டினார், அது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, கைரோ அனுபவம். இடம் பளபளவென்று இருக்கிறது, நேரத்துக்குக் கூப்பிடுகிறார்கள், அந்தக் குறை கிடையாது. எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டி, எலும்பு வரிசை விலகியிருக்கிறது, ஒரு கால் குட்டையாக இருக்கிறது, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) தேய்ந்திருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். அந்தக் கலக்கம் அடங்குவதற்குள் முன்பணம் கட்டி எடுக்கிற பேக்கேஜ் அட்டையை நீட்டுகிறார்கள், இதுதான் எனக்கு ஆகவே ஆகாத விஷயம். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. அதில் ஐம்பது வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது, ஆனால் அவர்களில் ஒருவருக்கும் வலி இல்லை. அப்படியிருக்க, படத்தில் தெரிகிற தேய்மானத்தைக் காட்டி மனுஷனைப் பயமுறுத்துவது நியாயமே இல்லை. பேக்கேஜ் வேண்டாம், ஒவ்வொரு முறையும் பணம் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன், அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

சிகிச்சை செய்தவரின் கை நல்ல கை, அதை மறைக்க மாட்டேன். பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பி ஒரே அழுத்து. படபடவென்று சத்தம் கேட்டது, வலிக்கவில்லை, எழுந்து நின்றபோது உடம்பு லேசாக இருந்தது. அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று மாறும்போது வாயுக்குமிழி உண்டாவதால் வருவது, விரல் நெட்டி முறிப்பதும் அதேதான். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் வீண் என்றெல்லாம் கணக்கில்லை. எனக்கு அந்த லேசு ஓரிரண்டு நாள் நின்றது, அப்புறம் பழையபடி. இன்னொன்று, இடுப்பு வலிக்காகப் போனவளுக்குக் கழுத்தையும் சேர்த்து முறுக்கப் பார்த்தார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகிற ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் இடுப்பு வலிக்கு அந்த அரிதான ஆபத்தைக்கூட ஏன் எடுக்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆஸ்டியோபாத் விஷயம் வேறு மாதிரி. முதல் தடவை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதில் பாதி நேரம் கேள்விதான்: “மூட்டையைத் தலையில தூக்குவீங்களா, முதுகுலயா?” “ராத்திரி வலியால முழிப்பு வருதா?” “யூரின் போறதுல சிரமம் இருக்கா?” “கால் மரத்துப்போகுதா?” முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், குதிகாலில் நடக்க வைத்தார், படுத்தபடி காலைத் தூக்கச் சொல்லி எங்கே இழுக்கிறது என்று கேட்டார். அதன் பிறகுதான் கையே வைத்தார். மெதுவாக நீட்டுவது, பிடித்து வைத்து மூச்சை விடச் சொல்வது, தொடைச் சதையையும் விலாவையும் தளர்த்துவது, இப்படித்தான். சத்தம் எதுவும் இல்லை, முதல் நாள் என்னடா இது ஒன்றுமே செய்யவில்லையே என்றுகூடத் தோன்றலாம். ஒரு தடவை தலையைக் கையில் ஏந்திக்கொண்டு மண்டையோட்டின் அசைவைச் சரிசெய்வதாகச் சொன்னார், அதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை, அதற்கு உருப்படியான ஆதாரமும் கிடையாது. ஆனால் மூன்று உடற்பயிற்சிகளைச் செய்து காட்டி, என்னையும் செய்ய வைத்துத் திருத்தி, வேலையை நிறுத்தாதீர்கள், சுமையை மட்டும் பாதியாக்கிக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள் என்றார். அதுதான் வேலை செய்தது என்று உறுதியாக நினைக்கிறேன். வலி மெதுவாகத்தான் குறைந்தது, ஆனால் குறைந்தது அப்படியே நின்றது.

அதற்காக ஆஸ்டியோபதிதான் அற்புதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரான்சில் 400 பேரை வைத்து, நிஜ சிகிச்சையையும் சும்மா தொட்டுவிடுகிற பாவனைச் சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2021-ல் முடிவு வெளியானது, வித்தியாசம் ரொம்பச் சின்னதுதான். முதுகெலும்பை அழுத்தித் திருப்புகிற சிகிச்சையைப் பற்றி 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு அது மற்ற நல்ல சிகிச்சைகள் அளவுக்கே பலன் தருகிறது என்றுதான் சொல்கிறது. இங்கிலாந்து அரசின் 2016 வழிகாட்டுதல் இன்னும் தெளிவு: கையால் செய்யும் சிகிச்சையைத் தனியாகக் கொடுக்காதே, உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் கொடு. அதனால்தான் எந்தப் பெயரில் இருந்தாலும், உங்களை நாலு கேள்வி கேட்டு, தட்டிப் பார்த்து, பயிற்சி சொல்லிக் கொடுத்து, வலி திரும்ப வராமலிருக்க வழி சொல்கிறவரிடம் போங்கள் என்கிறேன். எனக்கு அது கிடைத்தது ஆஸ்டியோபாத்திடம், அவர் அடிப்படையில் பிசியோ என்பதால்தான் என்பது என் கணிப்பு.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி இலவசம், அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இடுப்பு பெல்ட்டைக் கழற்றாமல் திரிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாள்பட்ட வலிக்கு அதை வழக்கமாகப் போடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லிவிட்டது.

இவர்கள் யாரிடமும் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலைமைகளும் உண்டு. பிறப்புறுப்பைச் சுற்றியோ ஆசனவாயைச் சுற்றியோ மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, பாதம் தொங்கிப்போவது என்றால் அன்றைக்கே போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது, இதற்கெல்லாம் முதலில் டாக்டர்தான். எலும்பு பலம் குறைந்த பாட்டிமார்களையும், வருஷக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் தயவுசெய்து முறுக்குகிற மேஜையில் படுக்க வைக்காதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கைரோவில் ஒரு முறைக்கு 1,500 ரூபாய் ஆனது, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகப் போய்வந்தால் ஒரு நாள் கூலியும் போய்விடும், திரும்பும்போது பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு வருவதில் இடுப்பு மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஆஸ்டியோபாத் 1,200 வாங்கினார், வார இறுதியில் மட்டும்தான் குன்னூர் வருகிறார், முன்பதிவு இல்லாமல் போனால் பார்க்க முடியாது. அறை மாடியில், படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், வலி அதிகமாக இருக்கிறவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப்போங்கள். அறைக்குள் குளிர் அதிகம், ஹீட்டர் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐந்துக்கு ஆஸ்டியோபாத்துக்கு நான்கு கொடுக்கிறேன், கைரோவுக்கு இரண்டரை, அதுவும் அந்தக் கைத்திறமைக்காக. பேக்கேஜ் அட்டையை எடுத்துவிட்டார்கள் என்றால் மூன்றாக்கத் தயார்.