சங்கச் சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? கொழும்பில் ஒரு தொழிற்சங்க உறுப்புரிமை பற்றிய மதிப்பீடு

சம்பளச் சீட்டில் மாதந்தோறும் கழிக்கப்படும் சங்கச் சந்தாவுக்குப் பதிலாக என்ன சேவை கிடைக்கிறது என்று, எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் தமிழ் இளைஞர்கள் கேட்பதுண்டு. இடமாற்ற மேன்முறையீடு, ஒழுக்காற்று விசாரணையில் துணை நிற்பது போன்றவற்றை எல்லாச் சங்கங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்கின்றன. தன் உறுப்பினரல்லாதோர் பொது இடமொன்றிலிருந்து விரட்டப்படும்போது ஒரு சங்கம் என்ன செய்கிறது என்பதை வைத்தே அதன் தரத்தை நான் மதிப்பிடுகிறேன். அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரமும் தொழிற்சங்கம் அமைத்துச் சேரும் சுதந்திரமும் இலங்கை அரசியலமைப்பின் ஒரே 14ஆம் உறுப்புரையிலேயே இடம்பெறுகின்றன. முதலாவதைப் பறிகொடுத்துவிட்டு இரண்டாவதை நெடுநாள் காப்பாற்ற இயலாது.

அந்த வகையில், பொருளாதார நெருக்கடியின் நடுவே அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைப் பதவி விலகக் கோரி 2022 ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் தொடங்கிய போராட்டமே என் அளவுகோல். ஏப்ரல் 28ஆம் திகதி நடந்த ஒருநாள் பணிப்பகிஷ்கரிப்பிலும் மே 6ஆம் திகதி ஹர்த்தாலிலும் அரச, தனியார், தோட்டத் துறைச் சங்கங்கள் அரிதான ஒற்றுமையுடன் இணைந்தன. எங்கள் கிளையும் சளைக்கவில்லை. மதிய இடைவேளையில் தண்ணீர்ப் போத்தல்களும் பிஸ்கட் பெட்டிகளும் சேர்ப்போம். பெற்றோல் கிடைக்காத நாட்களில் அவற்றை ஆளுக்கொன்றாகத் தோளில் சுமந்து, கோட்டையிலிருந்து நடந்தே திடலின் சமையற் கூடாரத்தில் கொண்டுபோய்க் கொடுப்போம். ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகளே இருந்த மூத்த உறுப்பினர்கள்கூட அந்த வரிசையில் நடந்தார்கள். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரக்கணக்கானோர் ஒரேயடியாக வேலை இழந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அந்த நடையின் பெறுமதி புரியும்.

மே 9ஆம் திகதி பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட அரச ஆதரவுக் கும்பல் கூடாரங்களை அடித்து நொறுக்கியபோது, மருத்துவமனை ஊழியர்களும் பிற தொழிலாளர்களும் வேலைத்தலங்களை விட்டு வெளியே வந்து போராட்டக்காரர்களுக்குத் துணை நின்றார்கள். எவருடைய சம்பள உயர்வுக்காகவும் நடந்ததல்ல அது. ஒரு சங்கத்திடம் நான் எதிர்பார்க்கும் சேவை அதுவே. அன்று அது குறைவின்றிக் கிடைத்தது.

ஜூலை 22ஆம் திகதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஜனாதிபதி செயலகத்தை அன்று பிற்பகலில் கையளிப்பதாகப் போராட்டக்காரர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தும், நள்ளிரவு கடந்ததும் படையினர் புகுந்து தாக்கினார்கள். ஒன்பது பேர் கைதானார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். எங்கள் சங்கமோ ஒரு கண்டன அறிக்கையோடு நின்றுகொண்டது. கோட்டாபய பதவி விலகிவிட்டாரே என்ற நிம்மதியும், எரிபொருள் வரிசையில் கழிந்த இரவுகளின் களைப்பும் காரணங்கள்தாம். ஆயினும் மே மாதத்தில் காட்டிய வேகத்தில் பாதியையாவது அன்று காட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் நிலைமை ஓரளவு சீரடைந்தது. 5ஆம் திகதி மாலை 5 மணிக்குள் திடலை விட்டு வெளியேறுமாறு பொலிஸார் அறிவித்தபோது, விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. 10ஆம் திகதி வரை எவரும் அகற்றப்படமாட்டார்கள் என்று சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது. இதற்கிடையே, முந்தைய ஆர்ப்பாட்டமொன்று தொடர்பாக இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் 3ஆம் திகதி கைதுசெய்யப்பட்டார். திடலில் இருந்தோரைக் காக்க முன்வந்த சங்கத் தலைவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை என்பது அன்று வெளிச்சமானது. அந்த ஜூலையில் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025இல்தான்.

தமிழ் உறுப்பினர் என்ற வகையில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. அறிவித்தல் பலகையில் சிங்கள அறிவித்தல் காலையிலேயே தொங்கும். தமிழ் அறிவித்தல் பல வேளைகளில் வேலைநிறுத்தம் முடிந்த பின்னரே வரும். இரண்டாவது, இதைவிடப் பாரதூரமானது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் கிளையில் ஒரு தண்ணீர்ப் போத்தலேனும் சேர்க்கப்பட்டதை நான் கண்டதில்லை. 2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடலிலேயே முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டு நினைவேந்தல் நடந்தது. அந்த மனவிரிவு எங்கள் சங்க அலுவலகத்துக்குள் இன்னும் நுழையவில்லை.

ஐந்துக்கு மூன்றரைப் புள்ளி கொடுக்கிறேன்; சேருமாறு தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிடும் முன், கைதாகும் உறுப்பினருக்குச் சட்டத்தரணி ஏற்பாடு செய்ய நிதி இருக்கிறதா, அறிவித்தல்கள் தமிழில் அதே நாளில் வருமா என்ற இரண்டையும் கிளைச் செயலாளரிடம் நேரடியாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.