குன்னூரில் ஏறச் சொன்னால் ஏமாறாதீர்கள்: மலை ரயில் சீட்டு பற்றி ஓர் எச்சரிக்கை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் செல்லும் மலை ரயிலில் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள், சீட்டுக்காகச் சுற்றுலா முகவர் எவரிடமாவது பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, நீராவி ரயில் பயணம் என்று சொல்லி வாங்கப்பட்ட 9,500 ரூபாய்க்கு, நாங்கள் ஐந்து பேர் டீசல் எஞ்சின் பூட்டிய ரயிலில் ஊட்டிக்குப் போய் வந்தோம்.

என் தந்தை திருச்சி பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த மலைப்பாதைக்கான, எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்கள் அங்கேதான் கட்டப்பட்டன. அவை அவர் ஓய்வு பெற்ற பிறகு உருவானவை என்றாலும், "எங்க எஞ்சின்" என்றுதான் சொல்வார். அதைப் பேரனுக்குக் காட்ட வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். வார இறுதிக்கு எனக்குச் சீட்டு கிடைக்காததால், உறவினர் ஒருவர் சொன்ன கோயம்புத்தூர் முகவரை அணுகினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை உறுதியான இருக்கைகள், போக வர வேன், மதிய உணவு எல்லாம் சேர்த்து அந்தத் தொகை என்றார். முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இரவு அவர் அனுப்பியது பயணச்சீட்டு அன்று. எங்கள் பெயர்களும் ரயில் புறப்படும் நேரமும் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு படம். பி.என்.ஆர். எண்ணைக் கேட்டபோது, காலையில் வேன் ஓட்டுநர் கையில் சீட்டு இருக்கும் என்றார். அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். உறவினர் சொன்ன ஆள் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

காலை 7.10 மணிக்கு ரயில் புறப்பட வேண்டும். 6.45-க்கு மேட்டுப்பாளையத்தை அடைந்த வேன், நிலையத்துப் பக்கம் திரும்பாமல் மலைச்சாலையில் ஏறத் தொடங்கியது. தொலைபேசியில் முகவரைப் பிடித்தபோது, "கீழே கூட்டம் அதிகம் சார், குன்னூரில் ஏறிக்கொள்ளுங்கள், அதே ரயில்தான்" என்றார்.

ஏமாற்று முழுவதும் இந்த "அதே ரயில்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. பெட்டிகள் அதேதான், எஞ்சின் அது அன்று. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில், கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள செங்குத்தான பகுதியில் மட்டுமே தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் உண்டு. பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறும் அந்தச் சரிவில், நீராவி எஞ்சின் தன் பல்சக்கரத்தை அதில் பதித்து, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதற்கு இந்த ஏற்பாடும் ஒரு முக்கியக் காரணம். குன்னூரில் அந்த எஞ்சினைக் கழற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து ஊட்டி வரை வழக்கமாக இழுப்பது டீசல் எஞ்சின். முகவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

குன்னூர் நடைமேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். ரயில் வந்து, கழற்றப்பட்ட எஞ்சின் ஆவியைக் கக்கியபடி பணிமனைப் பக்கம் நகர்ந்த அந்தச் சில நிமிடங்களில், அப்பா பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நடைமேடை முனைவரை ஏறக்குறைய ஓடினார். எங்களுக்குக் கிடைத்த நீராவி அவ்வளவுதான். ஓட்டுநர் அன்று காலை கவுண்டரில் வாங்கித் தந்த முன்பதிவில்லாச் சீட்டுகளின் மொத்த விலை, நாங்கள் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உட்கார இடம் கிடைத்தது என் தாய்க்கு மட்டும்.

திரும்பி வந்து, பலமுறை வற்புறுத்திய பிறகு, முகவர் பி.என்.ஆர். எண்ணைத் தந்தார். எங்கள் பெயரில் சீட்டு எடுத்திருந்தது உண்மை. ஆனால் ஐந்தும் முதலிலிருந்தே காத்திருப்போர் பட்டியலில் இருந்தவை. இணையத்தில் எடுத்த சீட்டில் ஒருவருக்கும் இடம் உறுதியாகாவிட்டால், இறுதிப் பட்டியல் தயாரானதும் அது தானாகவே ரத்தாகி, கட்டணம் சீட்டு எடுத்தவரின் கணக்குக்கே திரும்பிவிடும். ஆக, ரயில்வே திருப்பிக் கொடுத்த பணமும் அவரிடம், நாங்கள் கொடுத்த பணமும் அவரிடம். இதைச் சுட்டிக்காட்டியபோது, "ரயிலில் போனீர்களா இல்லையா?" என்று கேட்டார்.

எனவே முகவரிடம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், பணம் கொடுக்கும் முன் பி.என்.ஆர். எண்ணை வாங்கி, 139 என்ற ரயில்வே உதவி எண்ணை அழைத்தோ இணையத்திலோ நிலையை நீங்களே சரிபாருங்கள். ஏறும் நிலையம் மேட்டுப்பாளையம் என்று சீட்டிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் பதிந்த மறுவாரம், முகவர் 3,000 ரூபாயை மட்டும் அனுப்பினார். மீதிக்காகப் புகாரைத் திரும்பப் பெறாமல் வைத்திருக்கிறேன்.